பழைய எண், புதிய எண்: டேட்டாபேஸ் டிரைவர் எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸ் டிரைவர்களை எழுதி, பராமரித்து, வெளியிட்டுக்கொண்டிருக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் மூன்று பேர் கொண்ட ஒரு சின்ன மென்பொருள் கடை வைத்திருக்கிறேன். கடை என்று சொல்வதுதான் சரி. கீழே ஜவுளிக் கிடங்கு, மாடியில் நாங்கள். எம்.சி. ரோடு துணிக்கடைகள், காசிமேட்டு ஐஸ் கம்பெனி, திருவொற்றியூர் பக்கம் இரண்டு கன்டெய்னர் யார்டு என்று இவர்களுக்கெல்லாம் பில்லிங், ஸ்டாக், கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்துப் பார்த்துக்கொள்வதுதான் தொழில். எங்கள் மென்பொருளுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் நின்று பேசும் உங்கள் டிரைவர் இல்லாமல் எங்களுக்கு ஒரு நாள் ஓடாது. அதற்காக உங்களுக்கு இதுவரை ஒரு ரூபாய்கூடக் கொடுத்ததில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மடலில் கொஞ்சம் சண்டை இருக்கிறது.

உங்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களும் இருக்கிறீர்கள் என்பது நிரல் மாற்றங்களைப் பதியும் கமிட் பட்டியலில் உள்ள பெயர்களைப் பார்த்தாலே புரிகிறது. நீங்கள் படித்தால் போதும், மற்றவர்களிடம் நீங்கள் எடுத்துச் சொல்லிக்கொள்ளலாம்.

விஷயம் பதிப்பு எண், அதாவது ஒவ்வொரு வெளியீட்டுக்கும் நீங்கள் 8.0.3 என்பதுபோல் போடும் மூன்று எண்.

காசிமேட்டு ஐஸ் கம்பெனி எங்கள் பழைய வாடிக்கை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, ஐஸ் விற்பனை படுத்துவிடும். நாட்டுப்படகுக்காரர்களும் சில்லறை மீன் வியாபாரிகளும் பகலில் வந்து ஒன்றிரண்டு பார் வாங்கிப் போவார்கள், அவ்வளவுதான். அப்டேட் போட இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று மே மாதத்தில் உட்கார்ந்து எல்லா லைப்ரரிகளையும் புதுப்பித்தோம். டேட்டாபேஸ் டிரைவரும் புதிதானது. முதல் எண் அப்படியே, நடு எண் அப்படியே, கடைசி எண்ணில் மட்டும் ஒன்று கூடியிருந்தது. ஒன்றே ஒன்று. மாற்றக் குறிப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு மாதம் ஓடியது, ஒரு குறையும் இல்லை.

ஜூன் 14 ராத்திரி தடை முடிகிறது. இரண்டு மாதம் கரையில் கிடந்த படகெல்லாம் ஒரே நேரத்தில் ஐஸ் ஏற்ற வந்து நிற்கும். 50 கிலோ பார்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சறுக்கிக்கொண்டு வரும். கிரஷர் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. பில் போடும் பையன் ஈரக் கையோடு கீபோர்டைத் தட்டிக்கொண்டிருப்பான். நள்ளிரவு தாண்டி விடியும்வரை 300-க்கு மேல் பில். மறுநாள் காலை எட்டரை மணிக்குக் கணக்கு பார்க்கும் அக்கா போன் செய்தார்.

“தம்பி, பணம் இன்னிக்குக் கல்லாவுல இருக்குது. கணக்கு நேத்துல போய் நிக்குது. எப்படிப்பா?”

நல்ல கேள்வி. போய்ப் பார்த்தால், நள்ளிரவு 1 மணிக்குப் போட்ட பில் டேட்டாபேஸில் முந்தின நாள் இரவு 7.30 என்று உட்கார்ந்திருந்தது. பழைய டிரைவர் நாங்கள் கொடுத்த நேரத்தை அப்படியே எழுதும். புது டிரைவர் அதை யூடிசி என்கிற உலகப் பொது நேரத்துக்கு மாற்றி எழுதியிருக்கிறது, அதாவது ஐந்தரை மணி நேரத்தைக் கழித்துவிட்டது. திரும்பப் படிக்கும்போது அதே டிரைவர் ஐந்தரையைக் கூட்டிக் கொடுத்துவிடுவதால் பில் திரையில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. டேட்டாபேஸுக்குள்ளேயே தேதிவாரியாகக் கூட்டும் அறிக்கையில்தான் குட்டு உடைந்தது. பகல் பில்லில் ஐந்தரை மணி கழிந்தாலும் தேதி மாறாது, அதனால் மே மாதம் முழுக்க யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பழைய பில் ஒன்றைத் திறந்து மணியைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். யார் பார்க்கிறார்கள்? விடியற்காலை ஐந்தரைக்கு முன்னால் வியாபாரம் செய்கிறவருக்குத்தான் தேதி புரளும். காசிமேட்டில் வியாபாரமே அந்த நேரத்தில்தான்.

எங்கள் பக்கம் இருக்கும் தப்பையும் சொல்லிவிடுகிறேன். டிரைவர் பெயருக்கு எதிரே தொப்பிக் குறி போட்ட எண் இருந்தது, ‘இதற்கு மேல் எது வந்தாலும் சரி, முதல் எண் மாறாதவரை’ என்று அதற்கு அர்த்தம். எந்தப் பதிப்பு என்று பூட்டி வைக்கும் லாக் ஃபைலை எங்கள் பையன் ஒருவன், “இது சும்மா பெருசா வளருது சார்” என்று நிரலோடு சேமிக்க வேண்டாதவற்றைக் குறிக்கும் கிட் இக்னோர் பட்டியலில் போட்டிருந்தான். நான் அதைப் பார்த்தும் விட்டுவிட்டேன். எங்களுடைய டெஸ்ட் எல்லாம் பகல் பதினோரு மணி பில்லைத்தான் சோதிக்கும். இதெல்லாம் எங்கள் கணக்கு.

அன்று வீட்டுக்குப் போய், புது டிரைவரால் நாளே வீணாகிவிட்டது என்று அம்மாவிடம் புலம்பினேன். எங்கள் பக்கம் டிரைவர் என்றால் துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர்தான். “பழைய டிரைவரையே கூப்பிட்டு வெச்சுக்க வேண்டியதுதானேடா” என்றார். அதற்குள் நாங்கள் அதைத்தான் செய்திருந்தோம்.

எந்த டிரைவர் என்று சொல்லப்போவதில்லை. கீழே பெயர் சொல்லிப் பேசும் எதுவும் அது இல்லை. அந்த மாற்றத்தைச் செய்தவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. நிதானமாக யோசித்தால் மாற்றம் சரியானது, பழைய நடத்தைதான் கோளாறு. பல ஊர் நேரத்தில் ஓடும் மென்பொருளுக்குப் புது முறைதான் பொருந்தும். சரியான மாற்றத்தைத் தப்பான எண்ணில் அனுப்பிவிட்டார்கள், என் வழக்கு அவ்வளவுதான்.

சென்னையில் முகவரி எழுதும்போது ‘பழைய எண் 14, புதிய எண் 31’ என்று இரண்டையும் எழுத வேண்டும். மாநகராட்சி ஒரு காலத்தில் கதவிலக்கத்தை மாற்றியது. மாற்றியபின் பழையதைத் தூக்கிப்போட யாருக்கும் மனசு வரவில்லை. கேஸ் புத்தகத்தில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, வாசல் சுவரில் இரண்டும். எங்கள் தெருவில் ஒருவருடைய பழைய எண்ணும் எதிர்வீட்டுக்காரருடைய புதிய எண்ணும் ஒன்றே. கூரியர் பையன் தெருமுனையில் நின்று போன் செய்து, “சார், பழசா புதுசா?” என்று கேட்பான். வீட்டுக்காரருக்குத் தன் வீடு தெரியும், எண்ணைப் பார்த்து அவர் உள்ளே போவதில்லை. வெளியிலிருந்து தேடி வருகிறவனுக்குத்தான் எண் வேண்டும்.

உங்கள் பதிப்பு எண்ணும் எனக்கு அப்படித்தான். உள்ளே என்ன மாறியது என்று உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் வாசலில் தொங்கும் மூன்று எண்.

அந்த மூன்று எண்ணுக்கும் அர்த்தம் கொடுக்க டாம் பிரெஸ்டன்-வெர்னர் எழுதிய செமாண்டிக் வெர்ஷனிங் விதிகள் இருக்கின்றன. 2.0.0 என்கிற அதன் இரண்டாம் வடிவம் 2013-இல் வந்தது. பழையது உடைந்தால் முதல் எண், உடையாமல் புதிதாக ஏதாவது சேர்ந்தால் நடு எண், பிழை திருத்தம் மட்டும் என்றால் கடைசி எண். லைப்ரரிகளை இறக்கித் தரும் என்பிஎம் போன்ற கருவிகள் அந்த விதியை நம்பித்தான் தொப்பிக் குறியைப் படிக்கின்றன. நல்ல விதி. ஆனால் டேட்டாபேஸ் டிரைவருக்கு வரும்போது அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, நீங்கள் பலரும் தெரிந்தோ தெரியாமலோ அதன் வழியாகத்தான் நுழைகிறீர்கள்.

‘உடைவது’ என்றால் என்ன? பொது இடைமுகம் உடைவது என்கிறது விதி. அதாவது ஃபங்ஷன் பெயர், அதற்குக் கொடுக்கும் உள்ளீடு, அது தரும் விடை. மற்ற லைப்ரரிகளுக்கு இது பொருந்தும். உங்களுக்கு அந்த இடைமுகமே சொந்தமில்லையே! ஜாவாவில் டேட்டாபேஸோடு பேச ஜேடிபிசி என்று ஓர் இடைமுகத்தை வேறு யாரோ வகுத்து வைத்திருக்கிறார்கள். பைத்தானில் அதே வேலைக்கு 1999-லிருந்து பெப் 249 என்கிற வரையறை இருக்கிறது. கனெக்ட், கர்சர், எக்ஸிகியூட், கமிட் என்று எல்லா டிரைவரிலும் அதே பெயர்கள். அதை நீங்கள் மாற்றவே முடியாது, மாற்றினால் டிரைவரே இல்லை. அப்படியானால் விதியின் எழுத்துப்படி நீங்கள் எதையுமே உடைப்பதில்லை. பத்து வருடம் முதல் எண்ணைத் தொடாமல் ஓட்டலாம். என் நிரல் ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் கம்பைல் ஆகும். ஐஸ் பில் மட்டும் நேற்றைக்குப் போய்விடும்.

டிரைவரைப் பொறுத்தவரை நான் நம்பியிருப்பது ஃபங்ஷன் பெயரை இல்லை, அதன் நடத்தையை. நேரத்தை எந்த மண்டலத்தில் எழுதுகிறது, டெசிமல் எண்ணை எண்ணாகத் தருகிறதா எழுத்தாகத் தருகிறதா, ‘நல்’ என்கிற வெற்று மதிப்பு வந்தால் என்ன செய்கிறது, ஒவ்வொரு கட்டளையையும் உடனே நிலைப்படுத்தும் ஆட்டோகமிட் தொடக்கத்தில் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, பாதுகாப்பான இணைப்புக்கான எஸ்எஸ்எல் சான்றிதழைச் சரிபார்க்கிறதா, இணைப்பு அறுந்தால் எவ்வளவு நேரம் காத்திருக்கிறது, எந்தப் பிழைக்கு எந்தக் குறியீடு. நாங்கள் எதுவும் சொல்லாவிட்டால் டிரைவர் தானாக எடுத்துக்கொள்ளும் டீஃபால்ட் மதிப்புகள்தான் இதில் பாதி. அவற்றில் ஒன்று மாறினாலும் அது உடைவுதான், முதல் எண் கூட வேண்டும். என் கோரிக்கைகளில் இதுதான் பெரியது. மற்றதையெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை.

இதைச் சரியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடு.ஜேஎஸ்ஸில் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸுக்கு இருக்கும் ‘பிஜி’ டிரைவர் 2020-இல் 8.0 ஆனபோது, எஸ்எஸ்எல் சான்றிதழைத் தானாகவே சரிபார்க்கத் தொடங்கியது. இடைமுகம் அதேதான், டீஃபால்ட் மட்டும் மாறியது. 7-இலிருந்து 8 என்று முதல் எண்ணைக் கூட்டினார்கள். மோங்கோடிபி டேட்டாபேஸின் நோடு டிரைவர் 3.0-இல் கனெக்ட் கொடுக்கும் பொருளே மாறியது. முன்பு டேட்டாபேஸ் வரும், இப்போது கிளையன்ட் வரும். பழைய பாடத்தைப் பார்த்துத் தட்டியவர்களுக்கெல்லாம் ‘டிபி.கலெக்ஷன் என்பது ஃபங்ஷன் இல்லை’ என்று பிழை வந்தது. எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் எண் முன்கூட்டியே சொல்லியிருந்தது. 2-இல் பூட்டி வைத்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சைகோபிஜி2 கதை கொஞ்சம் வேறு. பைத்தானில் போஸ்ட்கிரஸ் என்றால் பல வருடமாக அதுதான். பெயரிலேயே 2 இருப்பதால் முதல் எண் 2-ஐ விட்டு நகர வழியில்லை. ஆக, நடு எண்தான் அங்கே உண்மையான பெரிய எண். 2021 ஜூனில் 2.8-இலிருந்து 2.9 வந்தது. நேர மண்டல வித்தியாசத்தை முன்பு நிமிடக் கணக்கில் ஓர் எண்ணாகக் கொடுத்துக்கொண்டிருந்த டிரைவர், இப்போது அதைக் கால அளவுப் பொருளாகக் கொடுத்தது. பைத்தானில் இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோவின் பழைய பதிப்புகளுக்குள் ‘வித்தியாசம் 0 இல்லையென்றால் நிறுத்து’ என்று ஒரு வரி இருந்தது. பூஜ்ஜிய கால அளவும் பூஜ்ஜியம் என்கிற எண்ணும் பைத்தானுக்கு ஒன்றில்லை. விளைவு, யூடிசி-யில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த தளம், ‘டேட்டாபேஸ் இணைப்பு யூடிசி-யில் இல்லை’ என்று சொல்லி நின்றது. ஜாங்கோ 3.1-க்கு முந்தைய பதிப்புகளில் இருந்தவர்களெல்லாம், அன்றைக்கு நீண்டகால ஆதரவில் இருந்த 2.2-காரர்கள் உட்பட, ‘2.9-க்குக் கீழே’ என்று ஒரு வரி எழுதித் தப்பித்தார்கள். இன்றும் தேவையான லைப்ரரிகளை எழுதிவைக்கும் பல ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலில் அந்த வரி ஏன் இருக்கிறதென்றே தெரியாமல் கிடக்கிறது. நடு எண்தான் அங்கே பெரிய எண் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். வெளியூர்க்காரனுக்கு அது தெரியாது.

ஆனால் அவர்களே அடுத்த கட்டத்துக்குப் போனபோது செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. 2021 அக்டோபரில் 3.0 வந்தபோது பேக்கேஜ் பெயரையே ‘சைகோபிஜி’ என்று மாற்றி, 2-ஐத் தூக்கிவிட்டார்கள். எண் இனி பெயரில் இல்லை, இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. பழையதும் புதியதும் ஒரே மென்பொருளில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கலாம், ஒவ்வொரு திரையாக மாற்றிக்கொண்டு போகலாம். கோ மொழியில் இதையே மொழியின் விதியாக வைத்திருக்கிறார்கள். இறக்குமதிப் பாதையின் கடைசியில் வி5 என்று இருந்தால் அது வி4-லிருந்து வேறு ஆள்.

அடுத்த சண்டை, சர்வரின், அதாவது டேட்டாபேஸ் மென்பொருளின், எண்ணைக் கடன் வாங்குவது. இதற்கு போஸ்ட்கிரஸின் ஜேடிபிசி டிரைவரைவிட நல்ல பாடம் கிடையாது. ஒரு காலத்தில் அதன் ஃபைல் பெயர் 9.3-1102.ஜேடிபிசி41 என்று இருக்கும். முதலில் சர்வர் பதிப்பு, அப்புறம் டிரைவரின் கட்டமைப்பு எண், அப்புறம் ஜேடிபிசி பதிப்பு. பின்னால் 9.4.1212.ஜேஆர்ஈ7 என்று ஆனது, வாலில் ஜாவா பதிப்பு வந்து சேர்ந்தது. பழைய எண், புதிய எண், பிளாட் எண், மாடி எண் எல்லாம் ஒரே பலகையில். உண்மையில் அந்த டிரைவர் ரொம்பப் பழைய சர்வர்களோடும் பேசும், புதியவற்றோடும் பேசும். எண்ணைப் பார்த்தவர்களோ, 9.6 சர்வர் வைத்துக்கொண்டு 9.6 டிரைவர் எங்கே என்று தேடினார்கள். அப்படி ஒன்று கிடையவே கிடையாது.

2017 பிப்ரவரியில் அவர்கள் 42.0.0 என்று குதித்தார்கள். சர்வர் எண்கள் கிட்டேயே வராத ஒரு இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் சர்வரே தன் எண்ணின் இலக்கணத்தை மாற்றிக்கொண்டது. அதுவரை 9.5-இலிருந்து 9.6 என்பது பெரிய மாற்றம், 10-லிருந்து முதல் எண் மட்டும்தான் பெரிய மாற்றம். கடன் வாங்கிய எண்ணோடு தொடர்ந்திருந்தால், கடன் கொடுத்தவர் சட்டையை மாற்றும்போதெல்லாம் இவர்களும் மாற்ற வேண்டியிருந்திருக்கும். குதித்ததால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. பெரிய எண்ணைப் பார்த்தால் பயனர்கள் மிரண்டுவிடுவார்கள் என்று உங்களில் சிலர் தயங்குவது தெரியும். 9-லிருந்து 42-க்குப் போனதையே தாங்கிக்கொண்டோம், நீங்கள் 4-லிருந்து 5-க்குப் போவதைத் தாங்க மாட்டோமா?

கடன் வாங்கியே தீர வேண்டும் என்றால் எஸ்க்யூலைட் என்கிற சின்ன டேட்டாபேஸின் ஜேடிபிசி டிரைவர் செய்வதுபோல் செய்யுங்கள். அதற்குள்ளேயே எஸ்க்யூலைட் முழுதாக உட்கார்ந்திருக்கிறது, அதனால் எண்ணைக் கடன் வாங்குவதில் நியாயம் இருக்கிறது. 3.36.0.3 என்றால் முதல் மூன்றும் எஸ்க்யூலைட்டுக்கு, நான்காவது டிரைவருக்கு. ஒரு பார்வையில் இரண்டு செய்தியும் கிடைக்கிறது.

சர்வர் எண், மொழியின் எண், டிரைவர் எண் மூன்றும் தனித்தனிக் கடிகாரங்கள். டிரைவரில் ஒரு எழுத்து மாறாமலேயே அது உடையலாம். நோடு 14 வந்த புதிதில் ‘பிஜி’யின் பழைய பதிப்புகள் கனெக்ட் என்ற இடத்தில் பேச்சுமூச்சில்லாமல் நின்றுவிடும். பிழையும் வராது, பதிலும் வராது. 8.0.3-க்கோ அதற்கு மேலேயோ போனால்தான் சரியாகும். போஸ்ட்கிரஸ் 14, 2021-இல் கடவுச்சொல்லைச் சேமிக்கும் டீஃபால்ட் முறையை ஸ்க்ராமுக்கு மாற்றியது. அதைத் தெரியாத பழைய ஜேடிபிசி டிரைவர், ‘ஆதென்டிகேஷன் டைப் 10 ஆதரிக்கப்படவில்லை’ என்று சொல்லும். எங்கள் பையன் அதைப் பார்த்துவிட்டு, “சார், நம்ம சர்வர் 14, இது 10 கேக்குது” என்று சர்வரைப் பின்னுக்கு இறக்கவே கிளம்பிவிட்டான். அந்த 10 பதிப்பு எண்ணே இல்லை, உரையாடல் நெறியில் அந்த அங்கீகார முறைக்கு வைத்த குறியீடு. அவன்மேல் தப்பு சொல்ல முடியாது. இவ்வளவு எண்களுக்கு நடுவில் வாழ்கிறவன் எந்த எண்ணைப் பார்த்தாலும் பதிப்பு என்றுதான் நினைப்பான். 42.2.0 முதல் ஸ்க்ராம் பேசும் என்று தெரிந்தால் ஐந்து நிமிட வேலை.

அதனால் எந்த டிரைவர் பதிப்பு எந்த சர்வரோடும் எந்த மொழிப் பதிப்போடும் ஓடும் என்று ஒரு அட்டவணை போடுங்கள். ரீட்மீ என்கிற அறிமுகக் கோப்பின் முதல் திரையில், ஆறு வரி போதும். இவற்றையெல்லாம் எண்ணுக்குள் அடைக்கப் பார்க்காதீர்கள். ஆண்டையும் மாதத்தையும் எண்ணாகப் போடும் வழக்கத்தைப் பற்றியும் கேட்பீர்கள். பால் பாக்கெட்டுக்கு அது சரி. டிரைவரில் எனக்கு வேண்டியது, எது மாறியது என்பது.

பூஜ்ஜியத்தில் தொடங்கும் எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. 0.-வில் இருக்கும்வரை எது வேண்டுமானாலும் மாறலாம் என்பது விதி. பெரம்பூர் பஸ் ஸ்டாண்டில் 29சி-யில் ‘கட் சர்வீஸ்’ என்று போர்டு இருந்தால், பாதி வழியில் இறக்கிவிட்டாலும் யாரும் கண்டக்டரோடு சண்டைக்குப் போக மாட்டார்கள், போர்டில்தான் போட்டிருக்கிறதே. ஆனால் வருடக்கணக்கில் தினமும் கடைசி நிறுத்தம் வரை ஒழுங்காகப் போய்க்கொண்டு போர்டை மட்டும் மாற்றாமல் இருந்தால் என்ன செய்வது? பைத்தானின் இன்னொரு போஸ்ட்கிரஸ் டிரைவரான ஏசிங்க்பிஜி 2016-இல் வந்தது, 2024-இல் அதன் 0.30 வெளியானது. எத்தனையோ பேர் உற்பத்தியில் ஓட்டும் நல்ல டிரைவர் அது. எங்கள் கன்டெய்னர் யார்டு ஒன்றில் நாங்களும் ஓட்டுகிறோம், ஒரு புகார் இல்லை. அதனால்தான் கேட்கிறேன், 1.0 என்று போட்டுவிடுங்களேன். உங்களுக்கு அது அடக்கமாக இருக்கலாம். வாடிக்கையாளரின் ஆடிட்டருக்கு ‘0.’ என்றால் அரைவேக்காடு என்று அர்த்தம், நான்தான் போய் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

தப்பாக எண் போட்டுவிட்டால் அதையும் நேராகச் சொல்லிவிடுவது நல்லது. கோ மொழிக்கான கோ-எஸ்க்யூலைட்3 டிரைவரில் ஒருமுறை தவறுதலாக வி2 என்று வெளியாகிவிட்டது. பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை, கைதவறல்தான். ‘வி2 என்பது விபத்து, 1.14 வரிசையைத்தான் பயன்படுத்த வேண்டும்’ என்று ரீட்மீயிலேயே எழுதிவைத்தார்கள். பெரிய எண்தான் புதியது என்று நினைத்து எடுத்தவன் அதைப் படித்துவிட்டுத் திரும்பி வந்துவிடலாம்.

கடைசியாக ஒரு கும்பிடு போட வேண்டும். 2024 பிப்ரவரியில் அதே போஸ்ட்கிரஸ் ஜேடிபிசி டிரைவரில் வெளியாள் தன் கட்டளையை டேட்டாபேஸுக்குள் நுழைக்க வழிவிடும் எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் ஓட்டை ஒன்று வெளியானது, அதன் பதிவு எண் சிவிஈ-2024-1597. டீஃபால்ட் அமைப்பில் பாதிப்பு இல்லை, வினவல் முறையைச் சிம்பிள் என்று மாற்றி வைத்திருப்பவர்களுக்குத்தான் ஆபத்து. திருத்தத்தை 42.7.2-இல் மட்டும் போட்டுவிட்டு, எல்லோரும் மேலே வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் 42.6.1, 42.5.5, 42.4.4, 42.3.9, 42.2.28 என்று ஒவ்வொரு பழைய வரிசைக்கும் தனித்தனியாகத் திருத்தம் கொடுத்தார்கள். 42.2 தொடங்கியது 2018-இல். ஆறு வருடத்துக்கு முந்தைய வரிசையில் மாட்டிக்கொண்டிருப்பவனும் கடைசி எண்ணை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். கடைசி எண் என்றால் எங்களுக்கு அதுதான் அர்த்தம்: கண்ணை மூடிக்கொண்டு போடலாம், ராத்திரி போடலாம், தீபாவளிக்கு முந்தின நாள் எம்.சி. ரோடில் கூட்டம் நெரியும்போதுகூடப் போடலாம்.

அதில் நடத்தை மாற்றத்தைக் கலந்துவிட்டால் என்ன ஆகிறது என்றால், அடுத்தமுறை பாதுகாப்புத் திருத்தம் வந்தாலும் போடப் பயப்படுகிறோம். அந்த ஜூனுக்கு அப்புறம் நாங்களும் கொஞ்ச நாள் அப்படித்தான் இருந்தோம். எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, எதையும் தொடாமல். அது அதைவிட ஆபத்து என்று தெரிந்தேதான் இருந்தோம்.

ஒவ்வொரு திருத்தமும் யாரோ ஒருவருக்கு உடைவுதான், எல்லாவற்றுக்கும் முதல் எண்ணைக் கூட்டினால் மாதம் ஒரு பெரிய பதிப்பு வரும் என்று நீங்கள் சொல்லலாம். நியாயம்தான். கோட்டை எங்கே போடுவது என்பது உங்கள் கையில். என் அளவுகோலைச் சொல்கிறேன்: டேட்டாபேஸில் போய் உட்காரும் மதிப்பு மாறுமானால் அது முதல் எண். திரையில் பிழை வந்து நின்றால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும், சரிசெய்துவிடலாம். தப்பான மதிப்பு சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டால் 300 பில்லையும் கையால் திருத்த வேண்டும். அக்காவும் நானும் திருத்தினோம், இரண்டு நாள் ஆனது. அப்புறம் மாற்றக் குறிப்பில் ‘நேர மண்டலக் கையாளுதல் சீரமைக்கப்பட்டது’ என்று எழுதாதீர்கள். முன்பு 1 மணி என்று கொடுத்தால் 1 மணி என்று போகும், இனி முந்தின நாள் 7.30 என்று போகும் என்று எழுதுங்கள். பில் போடும் பையனுக்கே புரியும்.

அடுத்த தடைக்காலம் வழக்கம்போல ஏப்ரல் 15-இல் தொடங்கும். நாங்கள் அப்டேட் போடும் காலம் அதுதான், இந்தமுறை மாற்றக் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் போடுவோம். இந்திய நேரத்தில் நள்ளிரவு 12.01, அதிகாலை 5.29, 5.31 ஆகிய மூன்று வேளைகளில் பில் போட்டு, எழுதிய தேதியையும் தேதிவாரிக் கூட்டலையும் ஒப்பிடும் சின்ன டெஸ்ட் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். மூன்று நிரல் மொழிகளில் இருக்கிறது. உங்கள் டெஸ்ட் தொகுப்பில் சேர்த்துக்கொள்வதானால் சொல்லுங்கள், புல் ரிக்வெஸ்ட்டாக அனுப்பிவிடுகிறேன். காசு கொடுக்காதவன் இதையாவது செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து
ஒரு பில்லிங் மென்பொருள்காரன்
(பழைய எண் 14, புதிய எண் 31, மாடி)